இன்னும் வரல்ல

பிலிமத்தலாவையில் கண்டி வீதிக்கு மேலே நிற்கும் வீட்டின் சாப்பாட்டு மேசையில் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஆறு கதிரைகளில் ஐந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றன. ஆறாவதில் அனீஸா தனியாக இருக்கிறாள். எதிரேயுள்ள லெப்டொப்பிலிருந்து ஒரு கறுப்பு வயர் அவள் மடியிலிருக்கும் கெமராவுக்கு வருகிறது. போன கிழமை நடந்த மகனின் நிக்காஹ் படங்கள் எல்லாம் அதற்குள்தான். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில், லீவு கிடைக்காமல் டோஹாவிலேயே நின்றுவிட்ட மகள் ஆஸிகாவின் குரல், படங்களை லெப்டொப்புக்கு எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறது. "வயரக் கழட்டித் திரும்பப் போடுங்க உம்மா. கெமரா ஓன்லதானே ஈக்கி?" "ஓன்லதான் மகள். ஒண்டும் வருதில்ல." கெமராவின் சுவிட்சை அனீஸாவின் பெருவிரல் மூடியிருக்கிறது. அது ஓஃபில் இருக்கிறது. மற்ற நாட்களில் ஐந்து நிமிடத்தில் போனை வைத்துவிடும் மகள் இன்று முக்கால் மணித்தியாலமாகப் பேசுகிறாள். பகல் என்ன சாப்பாடு என்று கேட்டாள், முழங்கால் வலியைக்கூட விசாரித்தாள். கீழே வளைவில் ஒரு பஸ் ஹோர்ன் அலறுகிறது. திடுக்கிட்டதில் விரல் சுவிட்சை அழுத்திவிடுகிறது. கெமராவில் பச்சை வெளிச்சம் எரிய, லெப்டொப் 'டிங்' என்கிறது. திரை முழுக்கச் சின்னச் சின்ன மாப்பிள்ளைகள். அனீஸா வயரைப் பிடுங்குகிறாள். அந்த 'டிங்' போனுக்கும் கேட்டிருக்கும். "இன்னம் வரல்லயா உம்மா?" "வரல்ல மகள்." ஆஸிகா நீளமாக ஒரு மூச்சு விடுகிறாள். "சரி, மற்றப் பக்க ஓட்டையில போட்டுப் பாப்பம். எனக்கு அவசரமில்ல."