சிக்கிய கை

ராஜவேலின் வலது கை என்ஜினுக்குப் பின்னால் முழங்கை வரைக்கும் போயிருந்தது. போன கை திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதலியார்பேட்டையில் அவன் குடியிருக்கும் வீட்டு வாசலிலேயே, கேட்டுக்கு உள்ளே நின்ற காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற இறங்கியிருந்தான்.

மெக்கானிக்கிடம் விட்டால் ஏமாற்றிவிடுவானாம். யூடியூபில் எவனோ பத்து நிமிஷத்தில் கழற்றிக் காட்டினானாம். அந்த எவனோ கையில் காப்பு போட்டிருக்கவில்லை. இந்த மகராசன் போட்டிருந்தான்.

அந்த மோட்டார் இருப்பது என்ஜினுக்குப் பின்புறம், அடியில். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் சுலபத்தில் எட்டாது. இரண்டு குழாய்களுக்கு நடுவே கையை நுழைத்து, தடவித் தடவித்தான் போல்ட்டைப் பிடிக்க வேண்டும். அவன் மனைவி பூர்ணிமா பக்கத்தில் நின்று தன் செல்போன் லைட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தோளில் வலி. தூக்கிப் பிடித்த கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. வெளிச்சம் விலகிய அந்த நேரம் பார்த்து, இரும்புக் காப்பு எங்கேயோ இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது.

இழுத்தான். திருகினான். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

"லைட்டக்கூட ஒழுங்கா புடிக்கத் துப்பில்ல. போயி தேங்காண்ணெய எடுத்தாடி. கை வெளிய வரட்டும், அப்புறம் இருக்கு ஒனக்கு."

பூர்ணிமா உள்ளே ஓடினாள். அவன் குரல் கேட்டாலே ஓடிப் பழகிவிட்ட கால்கள்.

எண்ணெய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகும்போதுதான், அவன் சொன்னது அவளுக்கு உறைத்தது. இதை ஊற்றினால் கை வெளியே வரும். வந்த கை முதலில் விழப்போவது அவள் மேல்தான். அதுவும் முந்தாநாள் விழுந்த அதே தோளில்.

அடப் பாவி, அதற்கு நானே எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூடியைத் திரும்ப இறுக்கினாள். பீரோவைத் திறந்து இரண்டு புடவை, சர்டிபிகேட், ஆதார் கார்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் திணித்தாள். ஹாலில் அவன் போன் சார்ஜில் கிடந்தது. அதைத் தொடவில்லை.

வாசலுக்கு வந்தால் இன்னொரு சங்கடம். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். அவனைத் தாண்டாமல் கேட்டுக்குப் போக முடியாது. அவன் இடது கை சும்மாதான் இருந்தது.

பையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளாகக் கொட்டிக்கொண்டே இடது கையை வீசினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்தாள். அவன் விரல் முந்தானையில் பட்டது. பிடி கிடைக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும் பையை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பின்னால் வசவு நின்று, குரல் மாறியது.

"யாராச்சும் வாங்களேன்! ஐயோ, கை போச்சே!"

பக்கத்து வீட்டு கோவிந்தராசு வீட்டில்தான் இருந்தார். நல்ல மனுஷர். போன வருஷம் பூர்ணிமாவின் அலறலைக் கேட்டு ஓடிவந்து கேட்டைத் தட்டியவர் அவர் ஒருவர்தான். இது புருஷன் பெண்டாட்டி விவகாரம், உன் வேலையைப் பார் என்று அவரை நடுத்தெருவில் வைத்து, நான்கு பேர் பார்க்க ஏசி விரட்டியவன் ராஜவேல்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் சத்தம் கிளம்பினால் அவர் தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். மனசு கேட்காது, வேறு என்ன செய்வது. இன்றைக்கும் வசவு ஆரம்பித்தபோதே கூட்டிவிட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

ராஜவேல் கத்திக்கொண்டே இருந்தான்.

அந்த வீட்டில் சத்தம் கேட்டால் தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பூர்ணிமா பையோடு போனதையும் யாரும் பார்க்கவில்லை.