கமலவல்லியின் கேரமல்

"பொய் சொல்லியே என்னை ஏமாத்திட்டீகளே!"

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த இசப்கோல் டப்பாவை நம்பியின் முன்னால் டங்கென்று வைத்தாள் கமலவல்லி. டப்பா பாதி காலி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் நம்பிக்கு மலச்சிக்கல் பழைய தொல்லை. பொழுதுக்கும் ருசி பார்க்கிற வயிறு வேறு எப்படி இருக்கும்? மலத்தை இளக்கும் இசப்கோல் பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி டாக்டர் அதட்டினார். மனைவி கெஞ்சினாள். மனுஷன் மசியவே இல்லை.

கமலவல்லி ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். சர்க்கரையில் எலுமிச்சம்பழம் பிழிந்து பதமாகக் காய்ச்சினால், அதிலுள்ள பழச்சர்க்கரை ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொள்ளுமாம். அந்த ஜோடி நமக்குச் செரிக்காது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கோ விருந்து. அது தின்று பெருகினால் மலச்சிக்கல் தீருமாம். இதைப் படித்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியுமா? வீட்டுப் பாத்திரமெல்லாம் கரியாயிற்று. தினம் காலையில் நம்பிக்கு ஒரு துண்டு கேரமல்.

லேசாக அடிப்பிடித்தாலே அந்த வாணலிப் பால்கோவாவை விற்க மாட்டார் நம்பி. அப்பேர்ப்பட்டவர் அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் மென்றுவிட்டு, "வயிறு பஞ்சாட்டம் இருக்கு கமலா" என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இன்றைக்குக் கல்லூரியில் கருத்தரங்கு. கேரமலைப் பற்றிப் பேசப் போகிறாள். சார்ட்டை வைக்கத்தான் நம்பியின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி, 'என் வீட்டுக்காரரே சாட்சி'ன்னு சொல்ல இருந்தேன். நல்லவேளை, தப்பிச்சேன்! வயித்தச் சரியாக்குனது இந்தப் பொடிதான?"

"ஆமா."

"பொறவு ஏன் கேரமல்னு சொன்னீக?"

நம்பி தலையைச் சொறிந்தார்.

"மொத வாரம் ஒண்ணும் நடக்கல கமலா. ஆனா, நான் பாத்ரூம விட்டு வெளிய வந்தா, நீ கதவுகிட்டயே நின்னு என் மூஞ்சியப் பாப்ப. இல்லன்னு சொல்ல மனசு வரல. அதான் மெடிக்கல்ல போயி வாங்கி, உனக்குத் தெரியாமக் குடிச்சேன்."

அவளுக்குக் கோபம் போய்க் கண் கலங்கியது.

"அப்ப என் கேரமல் தோத்துப்போச்சு."

"ஏட்டி, யாரு சொன்னா? டாக்டரு அதட்டியும் நீ கெஞ்சியும் பொடியத் தொடாதவன், இப்பத் தெனமும் தவறாமக் குடிக்கேன். குடிக்க வச்சது உன் கேரமல்தான?"