நெட் எடுக்காத வீடு

அன்று திங்கட்கிழமைதானா, மழை இருந்ததா என்பதெல்லாம் இப்போது எனக்கு உறுதியில்லை. தங்கச்சிமடத்தில் பென்னியின் டிடிபி கடையில் ஜெராக்சுக்காகக் காத்திருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். ஜோஸ்லின் உள்ளே வந்து, இன்டர்நெட்டே இல்லாமல் பிடிஎஃப் தயாரிக்க எந்தச் சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டாள்.

பென்னியின் முகம் மலர்ந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கடையில் டைப்பிங் வேலை பார்த்தவள் அவள். கட்டிக்கொள்கிறாயா என்று அவன் கேட்டதற்கு, ஈஸ்டர் கழித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். ஈஸ்டர் முடிந்துவிட்டது. வாலிநோக்கத்தில் உப்பளத்தை ஒட்டி அவன் கட்டிவரும் வீட்டில் டவர் எடுக்காது என்பது அவளுக்கும் தெரியும். அந்தக் கேள்வியையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து மேசைமேல் வைத்தான். ஒனக்குத்தான் என்றான். முதலில் ஏற்றியது, மாதாமாதம் நெட்டுக்குப் போய்த் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் ரகம். அடுத்தது ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரைக் குறுக்கே அடித்தது. இரண்டையும் வேண்டாமென்றாள்.

"கிராக் பண்ணுனது ஒண்ணு இருக்கு. ஒரு தொந்தரவும் இல்ல."

"திருட்டுச் சாமான் வேணாம்."

"ரொம்பத்தான் புனிதவதி" என்றான். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை ஏற்றினான். டைப் செய்ததை அதிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். அவளே நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தாள். தமிழ் எழுத்து உடையவில்லை. புத்தக அளவுக்குப் பக்கத்தைச் சுருக்குவது, எழுத்தைப் பெரிதாக்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் இப்பவே சொல்லிக் குடுத்துருங்க. பெறகு ஒங்ககிட்ட கேக்க முடியாது."

"பெறகு எங்க கேப்பீங்க? உத்தரவுதான போடுவீங்க" என்றான் கேலியாக.

அவள் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன். பென்னியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஒயர்களைச் சுற்றி, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினான். வீட்டுக்கு இன்னும் கரண்டு இழுக்கவில்லை, இழுத்ததும் தானே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்றபடி, பெட்டிமேல் வாலிநோக்கம் என்று எழுத மார்க்கரைத் திறந்தான்.

ஜோஸ்லின் பெட்டிமேல் கையை வைத்து மறைத்தாள்.

"அங்கன இல்ல, பென்னி. மதுரப் பக்கம் அடைபட்ட கன்னியர் மடம். உள்ள போனவங்க வெளிய வரக்கூடாது, நெட்டும் கூடாது. ஞாயித்துக்கிழம நா உள்ள போறேன்."

பென்னி மார்க்கரை மூடினான். பிறகு மறுபடியும் திறந்து, விலாசத்தைச் சொல்லச் சொன்னான்.

ஜோஸ்லின் அந்த மடத்தில் செபப் புத்தகங்கள் தயாரிக்கிறாள். அவள் அம்மா எப்போதாவது போய்க் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு வருகிறார். பென்னி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாலிநோக்கத்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறான். அங்கே இப்போது டவர் நன்றாக எடுக்கிறது.