மாடிக்கொடியில் நீலச் சட்டை

மாடிக்கொடியில் ஆடும் நீலச் சட்டையை அண்ணாந்து பார்த்தபடியே நடந்த இசொகாய், பூனைகளை விரட்டச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை உதைத்துத் தள்ளிவிடுகிறார். அவை சந்தின் சரிவில் கடகடவென்று உருள்கின்றன. ஜப்பானிய ஊர்களில் தினமும் மாலை ஒலிபெருக்கியில் போடும் ஐந்து மணிப் பாட்டு முடிந்து, அதன் எதிரொலி மட்டும் கூரைகளுக்கு மேல் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் கொஞ்சம் அந்தி வெயில் புரண்டு புரண்டு போகிறது. பார்க்க அவ்வளவு அழகு. குனிந்து பிடிக்கத்தான் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அந்த இடுப்பை உடைத்துக்கொண்டு கோடை முழுதும் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார். மாலை நடைக்குக் கூட வரும் நுமாட்டா எங்கே என்று தெருவில் யாரைக் கேட்டாலும், "குளிர் வந்துடுச்சு, பாத்தீங்களா" என்று பேச்சை மாற்றுகிறார்கள். மாடியில் நுமாட்டாவின் அந்த நீலச் சட்டை மட்டும் தினமும் ஈரம் சொட்டுகிறது. காற்றில் அதன் கை மெல்ல உயர்ந்து, வா என்று கூப்பிடுவதுபோல் மடங்குகிறது.

நுமாட்டாவின் மனைவி செருப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்து ஒரு பாட்டிலை எடுக்கிறார். "பூனைக்கு வச்சா நீங்க வந்து மாட்டிக்கிறீங்களே, இசொகாய் சான்!"

"பூனைன்னா பாத்து நடந்திருக்கும்மா."

இருவரும் சிரிக்கிறார்கள். இசொகாய் மாடியைக் காட்டுகிறார்.

"அவன் உள்ளதான இருக்கான்? சட்டை காயுதே."

நுமாட்டாவின் மனைவி வானத்தைப் பார்த்து, குளிரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்துகிறார். பாட்டிலின் வெளிச்சம் அவர் கழுத்தில் நடுங்குகிறது.

"ஜூன்லயே இறந்துட்டாரு. ஆம்பள இல்லாத வீடுன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு நான்தான் தினம் நனைச்சுப் போடறேன்."