சுகந்தி எழுதிய நாலு வரி

"ஹலோ சொல்லு."

அவன் போனை அவள் வாயருகே நீட்டினான். ஸ்பீக்கர் போட்டிருந்தது.

அவள் கை முழுக்க மீன் செதில். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவனே எட்டி மூடினான்.

சில நாட்களாகவே அவளிடம் அவன் பேசவில்லை. இதுதான் முதல் பேச்சு.

"சொல்லுங்கறேன்ல."

சொன்னாள்.

போனுக்குள் ஒரு பையனின் குரல் துள்ளியது. வாழ்த்துகள் சுகந்தி சிஸ்டர், இந்த மாச வின்னர் நீங்கதான், இப்ப லைவ்ல இருக்கீங்க, ஆயிரக்கணக்குல ஆளுங்க உங்க குரலைக் கேட்டுட்டு இருக்காங்க.

எதில் ஜெயித்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் சத்தமில்லாமல் வாயை அசைத்தான். கம்ப்யூட்டர்.

அப்போதுதான் புரிந்தது. வண்ண விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி. விளையாடுவதற்கென்றே ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அவன் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். எந்த யூட்யூப் சேனலில் அதை இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும் பெயர் கொடுத்துவிடுவான். தன் பெயருக்குப் பரிசு விழாமல் போகவே, அவள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கியிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை.

"நாங்க கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா சிஸ்டர்? இந்த கம்ப்யூட்டரை யாருக்குக் குடுப்பீங்க, ஏன்? நீங்க எழுதின நாலு வரியில எங்க டீமே அழுதுருச்சு. படிக்கறேன், கேளுங்க."

படிப்பார்கள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. புருவம் சுருங்கியது.

பையன் படித்தான்.

என் கணவர் நவநீதனுக்கு.

எனக்கு வேலை கிடைத்தபோது என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்.

ஒருநாள்கூட என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

நான் சிரித்தால் போதும் என்று இருப்பவருக்கு, நான் எதையாவது தர வேண்டாமா?

அவள் கத்தியைத் தொட்டியில் வைத்தாள்.

அவள் வேலைக்குச் சேர வேண்டிய காலையில் அவன் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான். மத்தியானம்தான் வந்தான். அவன் கத்த ஆரம்பித்தால் கீழ் வீட்டு அக்கா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். போன வாரம் அவள் போனில் தங்கையிடம் சிரித்துப் பேசியதற்குத்தான் இத்தனை நாள் பேச்சில்லை.

இதையெல்லாம் அவள் பொறுத்துப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். வளர்ந்த விதம் அப்படி. சொன்னாலும் ஏறாது.

தெரிந்திருக்கிறது.

அவளுக்கு எது வேண்டும் என்று, ஒரு வரி பிசகாமல், அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"இது நீங்க எழுதினதுதானே சிஸ்டர்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பெட்டி வீட்டுக்கே வந்துரும்."

அவன் தலையாட்டினான். கெஞ்சுகிற முகம். அவள் தாமதிக்கத் தாமதிக்க அந்த முகம் போய்ப் பழைய முகம் வந்தது. முழங்கைக்கு மேலே பிடித்து அழுத்தினான்.

"நான் எழுதலைங்க தம்பி," என்றாள். "எங்க வீட்டுக்காரரு எழுதுனது. எனக்கே இப்பத்தான் தெரியும். இன்னொருக்கா மெதுவாப் படிங்க. பக்கத்துலதான் நிக்கறாரு, அவரும் கேக்கட்டும்."

பையன் சிரித்தான்.

"பொண்டாட்டிக்குப் பதிலா புருஷனே எழுதிக்கிட்டாரா? சாட்ல எல்லாரும் சிரிச்சுட்டு இருக்காங்க சிஸ்டர். சரி, ப்ரோவுக்காக இன்னொரு தடவை."

அவன் கட்டைவிரல் சிவப்புப் பட்டனுக்குப் போனது. தொட்டால் போதும், அழைப்பு போய்விடும். பெட்டியும் போய்விடும்.

விரல் அங்கேயே நின்றது.

பையன் ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்திப் படித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரியில் அவன் சுவரைப் பார்த்தான். மூன்றாவது வரியில் தரையை.

"ப்ரோ, லைன்ல வாங்க. இதெல்லாம் உண்மைதானே? நீங்க சொல்லிட்டா நாங்க குடுத்துர்றோம்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உண்மைதாங்க."

மெதுவான, பதமான குரல். அவளிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவைத் திறந்தாள். சர்டிஃபிகேட் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். திரும்பினால் வாசலை மறித்து நின்றான். ஒரு கையில் போன். மறுகை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அட்ரஸ் சொல்லுங்க ப்ரோ. டோர் நம்பர்ல இருந்து."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அவன் கையை எடுத்துவிட்டான்.

செருப்பை மாட்டினாள். படியில் இறங்கினாள். கைகளில் இன்னும் மீன் வாடை. எங்கே போவது என்று தெருமுனையில் யோசித்துக்கொள்ளலாம்.

பின்னால் கூப்பிடுவான் என்று பாதிப் படியில் ஒரு கணம் நின்றாள்.

மேலே அவன் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். பையனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. கோபப்படாமல், பொறுமையாக, எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொன்னான்.