இட்லியில் கல்கண்டு

“கடைசியா எப்பம்மா பாத்தீங்க?”

“நேத்து காலைல கண்ணாடி பாக்கசொல்ல இருந்தது சார். மத்தியானம் பாத்தா காணோம்.”

“எங்கெங்க தேடினீங்க?”

“வூடு பூரா பெருக்கிப் பாத்துட்டேன். தறிக் கொட்டாய் வரைக்கும் தேடியாச்சு, கெடைக்கல.” நளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காணாமல் போனது மூக்குத்தி அல்ல, கம்மலும் அல்ல. மேல் வரிசையில், முன்பல்லுக்கு அடுத்த பல்லில் ஒட்டியிருந்த, பல் கம்பியைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட். அரிசி அளவுதான் இருக்கும்.

“அதுக்கு முன்னாடி என்ன துன்னீங்க?” டாக்டர் ஹேமநாத்தின் குரல் முகக்கவசத்துக்குள்ளிருந்து கறாராக வந்தது.

“இட்லி சார். அதுவும் சாம்பார்ல ஊறப்போட்டு.” நாக்கு கூசாமல் சொன்னாள்.

நளினிக்கு நாற்பது வயதாகப் போகிறது. சின்ன வயதில் நைனா போட்டுவிடாத கம்பியை இப்போது சொந்தச் சம்பளத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் சிரிக்குமே என்று பயந்து, பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் பிராக்கெட்டாகக் கேட்டு வாங்கியதில், நகரியில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது.

வெள்ளிக்கிழமை நாராயணவனத்தில் தம்பி தனசேகருக்குக் கல்யாணம். தாலியில் அவன் ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டையும் அக்காதான் போட வேண்டும். கேமராக்காரர் அப்போது முகத்துக்கு நேரே வந்து நிற்பார் என்று, ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

அதற்குள்தான் நேற்று சம்பந்தியம்மா காஞ்சனா வந்தாள். திருப்பதி மலைக்குப் போய்ச் சாமி பாதத்தில் பத்திரிகையை வைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த லட்டைப் பிட்டு நளினியின் வாயிலேயே வைத்துவிட்டாள். பிரசாதத்தை வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது?

முந்திரி என்று நினைத்துக் கடித்தது கல்கண்டு. ‘டக்’ என்றது. சம்பந்தியம்மா எதிரில் துப்ப முடியாமல், கோவிந்தா என்று எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். வீடு பூராவும் தேடிய கதையும் பொய்தான்.

“பவ்யா, செராமிக் டப்பாவ எடும்மா.”

உதவிக்கு நின்ற பவ்யா டப்பாவைத் திறந்து பார்த்தாள். “அந்தப் பல்லுக்கு லேது சார். இருந்த ஒண்ணையும் முந்தாநாள்…” என்று இழுத்தாள்.

டாக்டர் இருமினார். “ஒருத்தருக்கு அவசரமா ஒட்ட வேண்டியதாப் போச்சும்மா. புதுசு சென்னைலருந்து வரணும், கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் வரும். அதுவரைக்கும் ஸ்டீலு போட்டுடறேன்.”

“வேற பல்லுக்கு வெச்சிருக்கறது ஒண்ண எடுத்து ஒட்டிடுங்க சார்.”

“ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு அச்சும்மா. மாத்தி ஒட்டினா பல்லு கோணிக்கும். வாயத் தெறங்க.”

திறந்தாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் சாப்பாட்டுக்காரர் குரல் கேட்டது. “சார், உங்களுக்குத் தயிர்சாதந்தானே? அப்பளம் வேணாந்தானே?” என்றாள் பவ்யா. “ம்” என்றார் டாக்டர்.

கண்ணாடியைக் கொடுத்தார்கள். மல்லிகைச் சரத்தில் குத்திய ஊக்கு மாதிரி, அந்த ஒரு பல் மட்டும் பளபளவென்று மின்னியது. நளினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கேமரால மொதல்ல இதுதானே சார் தெரியும்?”

“வாய மூடிக்கினு சிரிங்கம்மா.”

“ஒரே தம்பி சார். அவன் கல்யாணத்துல நான் வாய மூடிக்கினு நிக்கணுமா?”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “அது இருக்கட்டும். இட்லில கல்கண்டு யாரும்மா போட்டாங்க?”

நளினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறைத்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா வந்தது முதல் விழுங்கியது வரை கொட்டித் தீர்த்தாள். “கல்கண்டுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“திருப்பதில பல் டாக்டரா இருந்துக்கினு இதுகூடத் தெரியாதா? முந்தாநாள் உங்க பிராக்கெட்ட எடுத்துக்கினாரே, அவரும் லட்டுதான்.”

அவ்வளவுதான், நளினிக்கு அழுகை போய் ஆத்திரம் வந்துவிட்டது.

“அந்த ஆளும் லட்டா? நானாச்சும் சம்பந்தி கையத் தட்ட முடியாம துன்னேன். அந்த ஆளுக்கு என்ன வந்தது? வாயக் கட்டத் தெரியாத மனுசனுக்குக் கம்பி ஒரு கேடா?”

பவ்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“யார் சார் அது? என் கண்ணுல மட்டும் பட்டா, நாக்கப் புடுங்கிக்கிறா மாதிரி நாலு கேள்வி கேக்காம வுட மாட்டேன்!”

டாக்டர் ஹேமநாத் ஒரு பெருமூச்சு விட்டார். முகக்கவசத்தை மெல்லத் தாடைக்கு இறக்கி, வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசை முழுக்கப் பல் நிறத்தில் பிராக்கெட்டுகள். முன்பல்லுக்கு அடுத்த பல்லில் மட்டும் ஒன்று புத்தம் புதிதாக இருந்தது.

“கேளுங்கம்மா.”