தூக்கிவிட்டது: பதினொன்று

இஷ்ராக்குக்குத் திகனவில் ஃபோன் கடை. மாலை ஐந்து மணிக்கு மேல் அவன் ஐந்து பேர் விளையாடும் ஓர் ஆன்லைன் அணிக்குத் தலைவன். ஆட்டம் முடிந்ததும் யார் என்ன செய்தார்கள் என்று ஆப் ஒரு பட்டியல் கொடுக்கும். அந்த மகாராசாவின் கண்ணுக்கு அதில் எதிரியை அடித்த கணக்கு மட்டும்தான் தெரியும்.

"மோகனராஜ் திரும்பவும் கடைசி. ஒன்டுக்கும் உதவாது. வெளிய போ."

"பக்கத்துக் கட்டத்தையும் கொஞ்சம் பாருங்க," என்றாள் அணியிலிருந்த ருஷ்தா. விழுந்தவர்களைத் தூக்கிவிட்ட கணக்கு அது. மோகனராஜ் பதினொரு முறை தூக்கியிருந்தான். அதில் ஒன்பது முறை விழுந்து கிடந்தது இஷ்ராக்.

"அதெல்லாம் நர்ஸ் வேல."

ருஷ்தா நர்ஸ்தான். இந்த மாதிரி ஆட்களை வார்டில் தினமும் பார்க்கிறாள்.

மறுநாள் நால்வர்தான் ஆடினார்கள். பட்டியலில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்தாவதில் பெயர் இல்லை. அடித்தது பூச்சியம், தூக்கிவிட்டது பதினொன்று. மஹய்யாவவில் இருக்கும் மோகனராஜை ருஷ்தா ஃபோனில் அழைத்துக் கேட்டாள்.

"நான் கேமையே அழிச்சிட்டேங்க அக்கா."

"சும்மா எடத்தப் புடிச்சிக்கிட்டு ஈக்கிது," என்று இஷ்ராக் அந்த வரியை நீக்கினான். கோட்டையைப் பிடித்தவன் போலச் சிரித்துவிட்டு, பிளேன்டீ எடுத்துவர மாடிப்படி இறங்கினான்.

அடுத்த ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. மற்ற மூவரும் காத்திருந்தார்கள். ருஷ்தா பட்டியலைத் திறந்தாள். எல்லாக் கட்டங்களிலும் பூச்சியம். இஷ்ராக்கின் வரியில் மட்டும், விழுந்தது ஒன்று.

தூக்கிவிட்டவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.